குண்டூசி போதவில்லை

அறிவிப்பு ஐந்து, குண்டூசி நான்கு.
பருவத் தொடக்கத்தில் ஒரு டப்பா கேட்டு எழுதினேன்;
கோப்பு இன்னும் மேசை மாறிக்கொண்டிருக்கிறது.
சையத் பாஷா மலை வெயிலில் வெளுத்துக் கிடக்க
கிருஷ்ணகிரி, மொழியியல் துறை வராந்தாவில்
தாள்களோடு நிற்கிறேன்.
கௌரவ விரிவுரையாளர் என்று எனக்குப் பெயர்.
கௌரவம் மணிக்கணக்கில்.

வியாழன், பிற்பகல் இரண்டரை.
மைசூர்ப் பேராசிரியர் பேசுகிறார்:
எல்லையோரத் தமிழில் வினைமுற்றுகள்.
தேநீர் உண்டு.
போனமுறை நிறைந்திருந்த கூட்டத்தில்
பாதிப்பேர் இயற்பியல் துறை.

சனிக்கிழமை ஒலிப்பியல் ஆய்வகம் திறப்பு.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
நாமக்கல் லாரிக்காரர் இறக்கிப் போட்ட பழசு,
நாங்களே ஒட்டியது.
மூச்சைக்கூடத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றார் துறைத்தலைவர்.
சோதனைப் பதிவில் விழுந்தது
பெங்களூர் சாலைக் கன்டெய்னரின் ஹாரன்,
மிகத் தெளிவாக, நான்கு விநாடி.

களப்பணி அடுத்த திங்கள் முதல்:
தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை.
சொற்பட்டியல் இருநூற்றுப் பத்து.
நூற்று எண்பத்தாறு, 'கடல்', கேட்க வேண்டாம்.
போன வருடம் கேட்டோம்.
ராகி அறுத்துக்கொண்டிருந்த லகுமம்மா நிமிர்ந்து
கணவனைத் தெலுங்கில் விசாரித்து
மருமகளைக் கன்னடத்தில் விசாரித்து
எங்களிடம் தமிழில் சொன்னாள்:
"டிவியில வருதே, அதுதானே?
அதுக்கு நாங்க ஒண்ணும் பேரு வெக்கல."

நான்காவதுதான் பெரிய தாள்.
வெ. முனிரத்னா, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு.
பொதுமக்களும் வரலாம்.
தலைப்பு: துண்டு மறைவில் விலைபேசும் விரல்கள்.

இரண்டு வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில்
ஒரு தரகரும் அவளுக்குத் துண்டு விரிக்கவில்லை.
"பொம்பள கையப் புடிச்சு வெல பேசறதா, போம்மா."
மூன்றாம் வெள்ளி வந்தாள்.
நோட்டு இல்லை, ரெக்கார்டர் இல்லை.
கையில் கயிறு,
கயிற்றில் வீட்டுச் செவலைப் பசு.
மாட்டுக்காரிக்கு விலை சொல்லாமல் முடியுமா?
துண்டு விழுந்தது.
உள்ளே உப்புத்தாள் போல ஒரு கை
அவள் சுட்டுவிரலை அழுத்தி, விட்டு,
நான்கைச் சேர்த்துப் பிடித்தது.

ஆய்வேட்டில் முதல் எடுத்துக்காட்டு அந்தப் பசு.
பக்கம் முப்பத்தேழு, அடிக்குறிப்பு:
இதே பிடி நூறும் ஆகலாம், ஆயிரமும் ஆகலாம்;
மாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்க.
விற்ற விலை எங்கும் இல்லை.
கேட்டேன்.
"நஷ்டந்தான் மேடம்.
ஆனா அந்தப் பிடி கெடச்சுது."

வாய்மொழித் தேர்வில் வாய் எங்கே என்று
வெளித்தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.
பேசாதே, கையை நீட்டு என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது பதிவாளர் அலுவலகத்திலிருந்து.
சேர்க்கை பத்துக்குக் குறைந்தால்
வரும் ஆண்டு துறை தொடர்வது
மறுபரிசீலனைக்கு உரியது.
விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முப்பதுவரை நீட்டிப்பு.
பக்கத்தில் பென்சிலில், துறைத்தலைவர் கையெழுத்தில்,
ஏழு.

ஊசி தீர்ந்துவிட்டது.
முனிரத்னாவின் தாளைக் கொஞ்சம் தூக்கி
அடியில் இதைச் செருகி
ஒரே ஊசியில் இரண்டையும் குத்தினேன்.

"அடியில என்ன மேடம்?"
பின்னால் ஷாஹின்தாஜ், முதலாண்டு,
வீட்டில் உருது, பஸ்ஸில் தெலுங்கு, என்னோடு தமிழ்.
"புதுசா எத்தினி பேரு சேர்றாங்க?"

வணிகவியல் துறைக்காரர்கள் இருவர்
சிரித்தபடி கடந்து போனார்கள்.
முந்தானையை இழுத்து அவள் கைமேல் போட்டேன்.
ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.
விட்டேன்.
பிறகு இரண்டு.

கண்ணை மூடி யோசித்தாள்.
"நூறா மேடம், ஆயிரமா?"