மோதிர விரலின் பாதி

இரவு இரண்டு மணிக்கு
என் வலதுகை என்னை எழுப்பும்.
பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்
சோடா ஊற்றினதுபோல் நுரைக்கும்,
மோதிர விரலில் பாதி மட்டும்.
மற்றப் பாதியும் சின்னவிரலும்
பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காத மாதிரிப்
படுத்திருக்கும்.

எழும்பிக் கையை உதறுவேன்.
திருக்கடலூரில் அந்த நேரம்
ஒன்றிரண்டு படகு இஞ்சின் இருமும்.

ஒரு நாளைக்கு நானூறு இடியப்பம்.
மா இறுகினால் உரல்
மணிக்கட்டிடம்தான் கணக்குக் கேட்கும்.

கிளினிக் துண்டின் பின்பக்கம்
பிசியோ மிஸ் கீறிக் காட்டினா:
"கோட்டை வாசல் தெரியும்தானே அக்கா,
கோணேசருக்குப் போற எல்லாம்
அந்த ஒரு வளைவுக்குள்ளாலதான்.
ஒன்பது வான், ஒரு மான்.
வான் தசைநாண். மான் உங்கட நரம்பு.
இரவில கை மடங்கக் கூடாது."

பாமசிப் பட்டியின் விலை
ஐந்து நாள் மாக் காசு.
நேசராசா ஒன்றும் கதைக்கவில்லை.
வேலையில் மிஞ்சின பிவிசி பைப்பை
நெடுக்காக அறுத்து,
சன்னலைத் திறந்துவிட்டு
காஸ் அடுப்பில் இளக்கி,
சூடு பார்க்கத் தன் கையில் வைத்தார்.
அது அவருடைய மணிக்கட்டுக்கே இறுகிவிட்டது.
எனக்கும் அவருக்கும் இடையில் இருந்த வெளியைப்
பழைய பனியன் துணியால் நிரப்பினோம்.

மச்சாள் கன்னியாவுக்குக் கூட்டிப்போனாள்.
ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினேன்.
வெந்நீரில் கை நித்திரையானது.
திரும்பி வரும் பஸ் அதை எழுப்பிவிட்டது.

மிஸ் சொன்ன பயிற்சி:
பொத்து, விரி, பின்னால் வளை,
பெருவிரலை விலக்கு, உள்ளங்கையை மேலே திருப்பு.
உப்புவெளி பஸ்ஸில் செய்துகொண்டிருந்தேன்.
விரித்த கையில் கொண்டக்டர்
மிச்சக் காசை வைத்துவிட்டுப் போனான்.

இப்போது நின்றபடி
இரண்டு கையாலும் அமத்துகிறேன், நெஞ்சுப் பாரத்தோடு.
முந்நூறுதான்.
கடைக்கார நஸீர் நானா
பெட்டியை இரண்டு தரம் எண்ணினார்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு
அலாரம் அடித்தது.
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு
அது என்னை எழுப்பியது.

கட்டை அவிழ்த்தேன்.
தோலில் பைப் விளிம்பின் கோடு.
கொதிநீர் விட்ட மாவை
மோதிர விரலால் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு பாதிக்குச் சுட்டது.
மற்றப் பாதி
என்ன, என்ன எண்டு கேட்டது.