பொருந்தவில்லை

ரேஷன் கடை மிஷின்
மாமியின் விரலை ஒருநாளும் நம்பியதில்லை.
வலது பெருவிரல், இடது பெருவிரல்,
சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வலது.
பத்தும் முடிந்த பிறகு
பள்ளியாடி முக்கு முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்:
"காலுக்க வெரலும் இருக்கு, வைக்கட்டா தம்பி?"

அண்டி ஆபீசில் போய் உட்கார்ந்தபோது வயது பதினொன்று.
முதல் கூலி சக்கரத்தில்.
பிறகு ரூபாய் வந்தது, ராஜா போனார்,
மலையாளம் எழுதியிருந்த பலகையில் தமிழ் வந்தது.
முந்திரித் தோட்டின் எண்ணெய் மட்டும் அதே எண்ணெய்.
சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைத்தாள்.
ஆனாலும் அது
விரலின் கோடுகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டது.
கைரேகை பார்க்க வந்த ஒருத்தி
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
காசு வாங்காமல் எழுந்து போனாளாம்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது
தராசுச் சண்டை.
கடையில் கிலோ படிக்கல் ஒன்றை இரவல் வாங்கி
சோற்றுப் பாத்திரத்தில் ஒளித்துக் கொண்டுபோய்
ஆபீஸ் தராசில் வைத்தாள்.
தொள்ளாயிரம் கிராம்.
"கல்லும் பட்டினியாட்டா கெடக்கு, மேஸ்திரி?"
பதினேழு நாள் கேட் பூட்டிக் கிடந்தது.
பதினேழு நாளும் மரச்சீனி, காந்தாரி மிளகு.
பதினெட்டாம் நாள் புதுத் தராசு வந்தது.
எல்லோருக்கும் வேலை இருந்தது,
பாக்கியநேசத்துக்கு மட்டும் இல்லை.

அப்புறம்தான் ரயில் பாதைக்கு மண் சுமந்தாள்.
வண்டி ஓடத் தொடங்கிய வாரம்
குழித்துறைக்கு டிக்கெட் எடுத்து ஏறி
பரிசோதகரைக் கூப்பிட்டுச் சொன்னாளாம்:
"இந்த மேட்டுக்கு மண்ணு போட்டது நானாக்கும்.
பைய போவச் சொல்லும்."

நான் மருமகளாக வந்தபோது
பி.எட். பாதியில் நின்றிருந்தது.
மூன்றாம் நாள் அடுக்களையில் சக்கை வெட்ட உட்கார்ந்தேன்.
கத்தியைப் பிடுங்கினாள்.
"அரக்கு ஒட்டினா பேனா பிடிக்க முடியாது. எழும்பு."
அந்த வருஷத்து நல்லமிளகு அத்தனையும்
என் பரீட்சைப் பணமாக மார்த்தாண்டம் சந்தைக்குப் போனது.
வீட்டில் ஆறு மாதம் மிளகில்லாத ரசம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
திறந்தால் அவள் இருக்கிறாளே.

புண்ணியவதி என்று அடக்க ஆராதனையில் போதகர் சொன்னார்.
அவருக்கு முழுக் கதையும் தெரியாது.
அதிரில் நின்ற ஒரு பிலாவுக்காக
தங்கச்சியோடு ஒன்பது வருஷம் பேசாதவள்.
அந்தத் தங்கச்சி செத்தபோது
யாரையும் கிட்டே விடாமல்
தானே குளிப்பாட்டி, தலை துவட்டி,
ஈரத் தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு
பிலாமரத்தடியில் போய் நின்றாள்,
சாயங்காலம் வரை.

எண்பத்தெட்டு வயதில் ஏணியில் நின்று
மிளகு பறித்தவளை
இறக்குவதற்கு என் கணவர்
திருவனந்தபுரத்திலிருந்து லீவு போட்டு வந்தார்.
இறங்கவில்லை.
அவரைத்தான் ஏற்றினாள்.

கடைசி மதியம்
முப்பது மரச்சீனிக் கம்பு நட்டுவிட்டுக் கை கழுவினாள்.
கஞ்சி கேட்டாள்.
ஆறட்டும் என்று வைத்தேன்.
ஆறியது.

கம்புகளில் ஒன்று தலைகீழாக நட்டிருந்ததைப்
பிறகுதான் பார்த்தோம்.
அப்படியே விட்டிருக்கிறோம்.

நேற்று புதுக் கார்டோடு கடைக்குப் போனேன்.
குடும்பத் தலைவர் என்ற இடத்தில்
என் பெயர்,
யாருடைய செருப்பிலோ கால் நுழைத்தது போல.
விரலை வைக்கச் சொன்னான் அந்தப் பையன்.
வைத்தேன்.
முதல் தடவையிலேயே பச்சை.
"ஆச்சு டீச்சர், சாக்கைப் பிடிங்க."

அரிசி கொட்டும் சத்தம்.
பின்னால் ஆள்கள் நின்றார்கள்.
எனக்கு என்னவோ
இடது பெருவிரலையும் சேலையில் துடைத்து
ஒருமுறை வைத்துப் பார்க்கத் தோன்றியது.