பானைக்குள் பானை

கல்லுக்கட்டிப் பக்கம், மாடியில்
டாக்டர் உமையாளின் குழந்தைகள் கிளினிக்.
எடை பார்த்தார்.
விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"புயல் வந்தால் இவனுக்கு என்ன செய்வீர்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
புதுவயலில் மழைக்கே வழியைக் காணோம்.
ஊருணிக்குள் ஸ்டம்பு நட்டு
பையன்கள் டோர்னமென்ட் நடத்துகிறார்கள்.
இதில் புயலாம்.

"ஈபியில்தானே வேலை?
கரண்ட் போனால் எத்தனை நாள்?"

அதை ஏன் என்னிடம் கேட்டார்.
கஜா வருஷம் எங்களைப் புதுக்கோட்டைப் பக்கம் அனுப்பினார்கள்.
விழுந்த பலாமரங்களுக்கு நடுவே
கம்பம் தூக்கிக்கொண்டு
பத்தொன்பது நாள்.
அங்கே ஒரு வீட்டில் ஒரு பெண்
அணைந்த ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
பால் கெட்டுப்போகும் என்று கவலை போலும்,
நினைத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டேன்.
அப்போது சேவுகன் பிறக்கவில்லை.
ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில்
என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்று
எனக்குத் தெரியாது.

டாக்டர் சீட்டில் எழுதியது மருந்து இல்லை.
மண்பானை இரண்டு, பெரியதும் சின்னதும்.
இடையில் மணல். காலை மாலை நனைக்க.
இன்சுலின், ஊசி, குளுக்கோஸ் இரண்டு வாரத்துக்கு.
கடைசியாக, அடிக்கோடிட்டு:
அப்பா வீட்டில் இருக்க மாட்டார்.

உண்மைதான்.
காற்றடிக்கிற ராத்திரி நான் கம்பத்தில் இருப்பேன்.
இல்லையென்றால் கம்பம் விழுந்த ஊரில்.
யார் யார் வீட்டிலோ ஃபேன் சுற்றிய பிறகுதான்
என் பிள்ளை முகம் பார்ப்பேன்.

"எனக்கும் இது புதுசுதான்" என்றார் டாக்டர்.
"போன ஐப்பசியில் கலுங்கு தாண்டித் தண்ணீர் ரோட்டில் ஓடியதே,
அப்போது ஒரு பிள்ளையை
இரண்டு நாள் கழித்துத் தூக்கிவந்தார்கள்."
மேலே சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி மெயினை இறக்கினேன்.
ஆயிரம் முறை இறக்கிய கை,
சொந்த வீட்டில் தயங்கியது.
சேவுகன் சுவரைத் தடவிக்கொண்டே போய்
பானையைத் தொட்டு "அவுட்!" என்று கத்தினான்.
சொர்ணவல்லி கைதட்டிச் சிரித்தாள்.
மறுபடி இறக்கும்போது
அவளையும் வாசலுக்கு வரச் சொன்னேன்.
உள்ளே அவன் மட்டும்.
இந்தத் தடவை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
"அவுட்" கேட்கும் வரை.

முன்பின் தெரியாத ஆளிடம்
அவன் சொல்ல வேண்டியதை எழுதினோம்:
"எனக்குச் சர்க்கரை இருக்கு. தினமும் ஊசி போடணும்.
கை நடுங்கி வேர்த்தா மொதல்ல இனிப்பு குடுங்க.
மருந்து பானைக்குள்ள பானையில இருக்கு."
நாலு தாள் கிழிந்தது.
ஒவ்வொன்றையும் "எங்க அம்மா" என்று ஆரம்பித்து
அவளே அடித்தாள்.

குறள் ஒப்பிக்கும் ராகத்தில் ஒரு வாரம்
வீடு முழுக்க அதுதான்.

காரைக்குடி பஸ்ஸில் ஒத்திகை.
கண்டக்டர் சீட்டு கிழிக்கும்போது
சேவுகன் எழுந்து நின்று
முழுசையும் சொன்னான், ஓர் எழுத்துப் பிசகாமல்.
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
அவர் சில்லறையை எண்ணி முடித்துவிட்டு,
"சரிடா தம்பி, எல்லாம் சொல்லிட்ட.
ஒம் பேரு என்ன?"

அவன் என்னைப் பார்த்தான்.
நான் அவன் அம்மாவைப் பார்த்தேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

ஐந்தாவது தாள் இப்போது பானைமூடியில் ஒட்டியிருக்கிறது.
முதல் வரியை அவனே எழுதினான்,
சேவுகனில் 'கன்' கொஞ்சம் கீழே சரிந்து.
கண்மாயில் இன்னும் ஆடுதான் மேய்கிறது.
மணலை மட்டும்
காலையும் மாலையும் நனைக்கிறோம்.