பதின்மூன்றாவது வரி

தம்பேரே தபால் கிடங்கில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
பெட்டி பிரிக்கிறேன்.
ஓலுவுக்குப் போவது இடப்பக்கம்,
துர்க்குவுக்குப் போவது வலப்பக்கம்,
முகவரி அழிந்தது எதுவானாலும்
ஓடும் பட்டையிலேயே கிடக்கட்டும்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி
மடிக்கணினி முன் உட்கார்ந்து
எண் பிரிக்கிறேன்.
மேலிருந்து விழுகிற எண்களில்
பூஜ்யத்தைவிடப் பெரியது வலப்பக்கம்,
சிறியது இடப்பக்கம்,
பூஜ்யமென்றால் தூக்கிப் போடு.

"இதற்கும் வேலைக்கும் என்ன வித்தியாசம்?"
என்கிறார் எஸ்கோ, வாய் நிறையப் பற்பசையோடு.
இருக்கிறது.
இங்கே சரியாகச் செய்தால்
முடிந்துவிடும்.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
யாரும் எந்தக் காலத்திலும் செய்திராத
ஒரு பழைய இயந்திரமாக நடிக்கிறது ஆட்டம்.
விசிறி இரையும் சத்தம்கூட உள்ளிருந்துதான்.
என் கணினிக்கு விசிறி கிடையாது.

என் விடை பதின்மூன்று வரி.
உலகத்தில் இதை ஆடிய எல்லோரையும்
ஒரு வரைபடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.
பதின்மூன்றில் ஒரு மலை.
பன்னிரண்டில்
நூல்போல ஒரு கோடு.

மூன்று வாரம்.
ரசீதுகளின் முதுகில் எழுதினேன்,
பேருந்துக் கண்ணாடியின் பனியில் எழுதினேன்,
எழுதியது வழிந்து இன்னொருவர் தோளில் இறங்கியது.

தேநீர் இடைவேளையில் தூரெ
முப்பது வயதான கையடக்க ஆட்டப்பெட்டியில்
விழும் கட்டைகளை அடுக்குவான்.
இடப்பக்கப் பொத்தான் செத்து வெகுநாளாயிற்று.
கட்டையைச் சுழற்றினால்
அரைக்கட்டம் இடப்பக்கம் சாயும்;
அந்தச் சாய்வை நம்பியே ஆடுகிறான்.
"பழுது பார்க்கலாமே?"
"பார்க்கலாம். அப்புறம் நான் கற்றுக்கொண்டதையெல்லாம்
எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?"

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
மூன்று பத்துக்கு
பட்டையில் ஒரு பெட்டி என்னைக் கடந்தது.
மை கரைந்த முகவரி, ஓரத்தில் நசுங்கல்.
ஓலு இல்லை, துர்க்கு இல்லை. போகவிட்டேன்.
திரும்ப வந்தது.
போகவிட்டேன்.
ஏழாவது முறை வந்தபோது
என் கை நடுவானில் நின்றது.

இதைத் திரும்பி வா என்று
யார் சொன்னார்கள்?

பட்டை எங்கே முடிகிறதோ
அங்கேதான் தொடங்குகிறது.
அவ்வளவுதான்.
நானோ ஒவ்வொரு விடையின் அடியிலும்,
வெளியே போகிறவள் கதவைச் சாத்துவதுபோல,
பதின்மூன்றாவதாக ஒரு வரி எழுதி வந்திருக்கிறேன்:
முதல் வரிக்குப் போ.

அது தானாகவே போகும்.
எப்போதும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

தூரெயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
"ஆக, மூன்று வாரமாக
ஓடுகிற பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தாய், ஹில்க்கா"
என்றான்.

காலையில் பூட்ஸோடு உட்கார்ந்தேன்.
தரையில் பனி உருகிக் குட்டையானது.
ஒரு வரியை அழித்தேன். ஓட்டினேன்.
எண்கள் விழுந்தன, பிரிந்தன,
கடைசி எண்ணும் போய்ச் சேர்ந்தது.
வரைபடத்தில் அந்த நூல்கோடு
தடித்ததா என்று விரல்நகம் வைத்து அளந்தேன்.
இல்லை. கூட்டம் பெரிது, நான் ஒருத்தி.

"முடிந்ததா?" என்றார் எஸ்கோ.
முடிந்தது என்றேன்.
அதற்குள் திரையில் அடுத்த கணக்கு:
வருகிறவற்றுள் ஆகச் சிறியதைக் கண்டுபிடி.
அப்படியே தூங்கிப்போனேன்.

அன்றிரவும் பட்டையில் அந்தப் பெட்டி இருந்தது.
தூரெ அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
சுருங்கிய ஒட்டுத்தாளின் கீழே
தபால் எண்ணில் மூன்று இலக்கம் தப்பியிருந்தது.
ஓலு.
இடப்பக்கம் தள்ள வேண்டும்.

கட்டைவிரலால் இரண்டு முறை
பெட்டியின் ஓரத்தை அழுத்தினான்.
பிறகுதான்
முழுக் கையையும் வைத்தான்.