மூக்கு

மெசஞ்சர் வீதி. கல்யாண அட்டைக் கடைகளின் நடுவில்
எங்கள் ப்ளெக்ஸ் மெஷின்
மத்தியானத்திலிருந்து இரைந்துகொண்டிருக்கிறது.
நாளை வெள்ளி. ஜும்ஆ முடிய
கொள்ளுப்பிட்டியில் ஊர்வலம்.
இன்றைக்கு மட்டும் காஸா என்ற சொல்லைப்
பதினாறு தரம் அச்சடித்துவிட்டேன்.

நுஸ்ரான் பென்டிரைவை நீட்டினான்.
முதல் கோப்பில் குழந்தைகளின் பெயர்கள்.
பெயருக்குப் பக்கத்தில் வயது.
சில பெயர்களுக்கு ஆண்டு இல்லை, மாதம்.
"இத தாளிலயே அடிங்க மிஸ், காசு காணாது."
எழுத்தைப் பெரிதாக்கினேன்.
கணக்கைப் பெரிதாக்கவில்லை.

இரண்டாவது கோப்பில் ஒரு மூக்கு.
அதற்குப் பின்னால் ஒட்டவைத்த முகம்.
வளைந்து, கீழிறங்கி,
நாணயக் குவியலை முகர்ந்துகொண்டிருந்தது.
மேலே 'யூதன்' என்று
ஒருமையில்.

"இது ஆரின்ர மூக்கு?"
"நெட்டில எடுத்தது."
"குண்டு போடுற அரசாங்கத்தின்ர பேரைப் போடுவம்.
பிளேனைக் கீறுவம். இந்த மூக்கு
ஒரு குண்டும் போடேல்லையே தம்பி."
"நீங்க அவனுகட பக்கமா?"

பக்கம்.
வெள்ளவத்தையில் எனக்கொரு மச்சான்.
இரண்டு பெக் இறங்கினால்
"அவங்களைப் பார்த்துப் பழகோணும்,
எப்பிடி நாடெடுத்தாங்கள் பார்" என்பார்.
அங்கே இருந்த சனம் எங்கே போனது என்று கேட்டால்
மிக்சர் தட்டில் கடலை பொறுக்குவார்.
அவருக்கு எதிரே இருந்தால் நான் நுஸ்ரானின் பக்கம்.
நுஸ்ரானுக்கு எதிரே
என் கதிரையை எங்கே போடுவது?

மேல்மாடித் தில்ருக்ஷி ஹைஃபாவில்
ரிவ்கா என்றொரு கிழவியைக் குளிப்பாட்டுகிறாள்.
சைரன் ஊதினால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி
நாற்பத்தொரு படி இறங்கவேண்டும்.
கிழவி வழியெல்லாம் திட்டுமாம்,
பாதியில் நின்று ஒற்றைச் செருப்பைத் தேடுமாம்.
போரைப்பற்றி அது என்ன நினைக்கிறதென்று
தில்ருக்ஷிக்குத் தெரியாது.
மூக்கு எப்படி என்று நான் கேட்டதில்லை.

எண்பத்துமூன்றில் எனக்கு ஏழு வயது.
பஸ்ஸை மறித்தவர்கள் வாளியொன்றைக் காட்டி
இதற்கு என்ன பெயர் என்றார்கள்.
சிங்களத்தில் அதன் முதலெழுத்து
எங்கள் உதட்டில் தடுக்கும்.
அப்பா ரெயில்வே கிளாக். தடுக்கவில்லை.
பின் சீட்டில் இருந்தவருக்குத்
தடுக்கியது.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் இன்னொன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது:
முள்ளிவாய்க்காலுக்கு நீங்கள் எந்த ரோட்டில் நடந்தீர்கள்?
அப்போது அவனுக்கு ஐந்து வயதிருக்கும்.
விழுங்கினேன். கசந்தது.

அவனே கதைத்தான்.
"ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு
என்ட ராத்தாவ ஆஸ்பத்திரி வாசல்ல
அபாயாவக் கழட்டச் சொன்னானுகள்.
எங்களையும் கீறினானுகள் மிஸ்,
தாடியும் கத்தியுமா.
அப்ப எவன் வந்தான்?"

"அந்தத் தாடியும்
ஏதோவொரு பென்டிரைவில்தான் வந்திருக்கும்," என்றேன்.
"ஏதோவொரு கடையில் அடிச்சிருப்பினம்.
இந்த வீதியாயும் இருக்கலாம்."

மெஷின் சீலை மாற்றுவதற்காக நின்றது.
அந்தக் கொஞ்ச நேரத்தில்
மின்விசிறியின் கிறீச்சுக்கூடக் கேட்டது.
"பேர்கள மட்டும் அடிங்க," என்று சொல்லிப்
பென்டிரைவைக் கழற்றிக்கொண்டான்.
பக்கத்துக் கடைப் படியில்
அவன் ஏறினானா, தாண்டிப் போனானா,
நான் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளி. கொள்ளுப்பிட்டிச் சந்தி தாண்ட மழை.
நானும் நடந்தேன், நானும் கத்தினேன்.
எனக்கு முன்னால் நுஸ்ரான்
பெயர்த் தாளைத் தலைக்குமேல் பிடித்திருந்தான்.
எட்டு மாதம், மூன்று வயது, மூன்று வயது
நீலமாக ஒழுகி
அவன் முழங்கையால் இறங்கின.

நாலு வரிசை முன்னே
முகம் தெரியாத யாரோ தூக்கிப்போன
அந்த மூக்கு.

ப்ளெக்ஸில் அடித்தது.
மழை அதைக்
கழுவித் துலக்கிக்கொண்டிருந்தது.