ஆறு புள்ளி எட்டு

டாக்டர் சீட்டில் கிறுக்குவது ஒரே சொல்தான்: களைப்பு.
வருகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை.
அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க, என்பார்
சிப்காட்டில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும் கலியபெருமாள்.
கையே என்னுது இல்ல, என்றாள்
பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறவள்.
ஓட்டு எண்ணெய் ஏறி விரலெல்லாம் கருத்திருந்தது.
முழங்கை மடிப்பு மட்டும் அவள் நிறம்.
அங்கேதான் குத்தினேன்.

தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா
உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார்.
விடிகாலை ரெண்டு மணிக்குத் துறைமுகம், அப்புறம் கூடை, ஷேர் ஆட்டோ, வெயில்,
பொழுது சாய்வதற்குள் ஏழு டீ.
நடுவில் சோறு? போன வாரம் கேட்டதற்குச் சிரித்தார்.
ஊசி ஏறியதும் இறங்கியதும் அவருக்குத் தெரியாது.
பஞ்சை அழுத்திப் பிடிங்க என்று சொல்ல
எழுப்ப வேண்டும். மனசு வரவில்லை.
நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்ச் சந்தில்
மாடிப்படிக்குக் கீழே எங்கள் லேப்.
பதினோரு வருஷமாக ஊரின் அசதியை
ஊதா மூடிக் குழாயில் பிடித்து,
நுரைக்காமல் தலைகீழாக்கி,
மெஷினிடம் கொடுக்கிறேன்.
அது எண்ணாகத் துப்பும்.

சிலருக்கு ரத்தம் கம்மி. சிலருக்குத் தைராய்டு, சர்க்கரை.
எல்லாம் நார்மல் என்று வருகிறதே,
அவர்கள் முகத்தைத்தான் பார்க்க முடியாது.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் தேடுவார்கள்.
அப்போ எனக்கு என்னதான் சிஸ்டர்?
எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க என்று கேட்பது
என் வேலை இல்லை.
கேட்பேன்.
படுக்கிறது பத்துக்கு, போனை வைக்கிறது ஒன்றரைக்கு, என்பான் ஒரு பையன்,
ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் செய்கிற தப்பு மாதிரி.

சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க,
இரும்புச்சத்து ஒட்டாது, என்று ஆளுக்கு ஆள் சொல்வேன்.
சொல்லிவிட்டு என் டீயை எடுப்பேன்.

மூன்று மாதமாக
அரிசி டப்பாவில் கை தானாகப் போகிறது.
வாய் நிறையப் பச்சரிசி, அடுப்பில் குக்கர்,
மணி நாலே முக்கால்.
மாதத்தில் ஒன்பது நாள் வடிகிறது.
வீட்டுக்குப் பதினாறே படி.
செவ்வாய்க்கிழமை ஏழாவதில் உட்கார்ந்து
செருப்பு வாரைச் சரிசெய்கிறமாதிரி நடித்தேன்.
பார்க்க யாருமில்லை.

நேற்று ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கியபின்,
ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து
இடது கையில் நானே எடுத்தேன்.
பெயர் என்று தில்லைநாயகி என எழுதினேன். வயது முப்பத்தெட்டு.
போன் நம்பரை மட்டும்
விரல் பழக்கத்தில் உண்மையாக எழுதிவிட்டது.

ஆறு புள்ளி எட்டு.
குழாயை ஆட்டி மறுபடி வைத்தேன்.
ஆறு புள்ளி எட்டு.

சுவரில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தில்தான்:
ஏழுக்குக் கீழே வந்தால் உடனே போனில் சொல்லவும்.
சொன்னவர், கேட்டவர், நேரம்,
சிவப்பு நோட்டில் எழுதவும்.

லேண்ட்லைனில் சுழற்றினேன்.
ஆணியில் தொங்கிய என் பை அடிக்க ஆரம்பித்தது.
டிபன் பாக்ஸ் அதிர,
வேன் பாக்கி ரசீதுக்கு அடியில் வெளிச்சம்.
அடித்து ஓய்ந்தது.
எடுக்கவில்லை, 8.10 என்று எழுதினேன்.

மறுமுயற்சி என்று ஒரு கட்டம் உண்டு.
இந்த முறை எழுந்து போய் எடுத்தேன்.
ரெண்டு காதிலும் ரெண்டு போன்.
தில்லைநாயகிங்களா?
பயப்படாதீங்கம்மா. காலையிலேயே டாக்டரப் பாத்துடணும்.
தனியா வராதீங்க.
கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க.

அரை நொடி பிந்தி
என் குரல் எனக்கு வந்து சேர்ந்தது.
பதறாத குரல். நாள் முழுக்க நின்ற குரல் மாதிரியே இல்லை.
அது சொன்னால் கேட்கலாம் போலிருந்தது.

கேட்டவர் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
வெளியே நெல்லிக்குப்பம் பஸ் ரெண்டு தடவை ஹார்ன் அடித்தது,
எனக்காக, தினமும் அடிப்பதுதான்.

போகட்டும்.
கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.