செவ்வாய்க்கிழமை நிறுவை

ஆய்வுகூடத்தில் என் தராசுக்குக் கண்ணாடிக் கதவு.
மூச்சுப் பட்டாலே எண் நடுங்கும்.
எட்டு மணிநேரம் வெள்ளைத் தூளை
மில்லிகிராமில் நம்பிப் பழகியவள் நான்.
பிறகு வீட்டுக்கு வந்து
மோதிரத்தைக் கழற்றி, தோட்டைக் கழற்றி,
ஈரக் கூந்தலை ஒட்டப் பிழிந்து
இன்னொரு தராசில் ஏறுவேன்.
நாளுக்கு எத்தனை தடவை என்று
இங்கே சொல்லமாட்டேன்.

அந்தத் தராசு இப்போது பாசலில்,
பழைய நகரவாசலுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில்,
திருமதி கஃப்ளிஷின் அலமாரிக்குள்.
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ட்ராமில் ஒரு கிழவர் மடியைப் பார்த்துக் கேட்டார்,
கேக் பெட்டியா?
ஓம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மட்டும்,
இருவரும் சேர்ந்து எண்ணைப் பார்ப்போம்.
அவர் புள்ளி வைப்பார், நான் கோடு இழுக்கவேண்டும்.
“ஒரு புள்ளியை வாசிக்காதே நிருயா.
நாலு சேரட்டும், பிறகு கதைப்போம்.”
நிருஜாவின் ஜகரம் அவர் வாயில் யகரம்.
ஆறு மாதமாய் நான் திருத்தவில்லை.
அந்த நிருயா கொஞ்சம் சாப்பிடுகிறவள் போலிருந்தது.

அவர் தந்த தாளில் நாலு கட்டம்:
நேரம். உணவு. இடம். எண்ணம்.
ஜெர்மனில் தொடங்குவேன்.
நாலாவதில் பேனை தமிழுக்குத் தாவும்.
அந்தக் குரலுக்குத் தமிழ்தான் தெரியும்:
வெட்கமில்லையா, இன்னொரு வாயா?
மொழிபெயர்த்துச் சொன்னேன்.
“இது எண்ணமா, உண்மையா?” என்றார்.
நான் கதிரையின் கைப்பிடியைச் சுரண்டினேன்.

ஜெர்மனில் பசியை வைத்திருப்பார்கள்,
சாவியை வைத்திருப்பதுபோல.
நமக்கு அது வந்து சேர்வது:
எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பசிக்கிறது.
அந்தச் சின்னக் ‘கு’வை நான் வெட்டி எறிந்திருந்தேன்.
பசி எங்கோ நடந்துகொண்டிருந்தது,
யாருக்கோ.

சூரிச்சில், ராகுலனின் கலியாணத்தில்,
“என்ன வடிவா மெலிஞ்சிட்டாய்” என்று
ஐந்து பேர் சொன்னார்கள்.
ஆறாவது ஆள் எதுவும் பேசாமல்
தன் வளையலைக் கழற்றி என் கையில் போட்டார்.
அது முழங்கையைத் தாண்டி ஏறியது.
பிரிவில் வளை நெகிழும் என்று
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தோம்.
நான் யாரைப் பிரிந்திருந்தேன்?

பிறகு பரிசோதனை.
அந்தச் சொல்லுக்கு நான் பயப்படுவதில்லை.
செய்யவேண்டியது: ஏழு நாளும் காலையில்
நடுவே பிளந்த சின்னப் பால்பாண் ஒன்று, வெண்ணெய் பூசி.
முன்கணிப்பு: கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.
நம்பிக்கை: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.
முதல்நாள் அழுதுகொண்டே தின்றேன்,
வேலைக்குப் பிந்திப் போனேன்.
மூன்றாம்நாள் வெண்ணெயைக் காகிதத்தில் சுற்றி
பாலத்திலிருந்து ரைனில் போட்டேன்.
அதையும் தாளில் எழுதினேன்.
தரவில் பொய் சொன்னால் பரிசோதனை பாழ்,
அது என் தொழில்.

செவ்வாய் வந்தது.
புள்ளி ஏறித்தான் இருந்தது, நகக்கண்ணளவு.
கூரை அதே இடத்தில், அதே ஈரக் கறையோடு.
“அந்தத் தொண்ணூற்றைந்து இப்போது எத்தனை?”
எழுபது என்றேன்.
படியிறங்கி, சைக்கிள் பூட்டைத் திறந்து,
திரும்ப மூன்று மாடி ஏறிவந்து
எண்பது என்று திருத்தினேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

சுகமாகிவிட்டேன் என்று யாராவது கேட்டால்
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.
போன வாரம் இரண்டு நாள் வழுக்கியது.
கடைக் கண்ணாடிகளில் இன்னும்
பக்கவாட்டில் ஒருத்தியைத் தேடுகிறேன்.

நேற்று, மாலை ஆறு நாற்பது.
சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு.
சமையலறை மேசை.
நாலாவது கட்டத்தில் பேனை தானாக எழுதியது:
பருப்புக்கு உப்புக் காணாது.

அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேறு ஒன்றும் வரவில்லை.
எழும்பிப் போய்
உப்பை எடுத்துவந்தேன்.